எதிர்க்கடைப் பலகை

பிரிக்ஃபீல்ட்ஸ்
3 மார்ச் 2026

தம்பி கமலநாதனுக்கு அண்ணன் பெரியகருப்பன் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அண்ணி நல்லம்மாளும் சுகம். அங்கே உன் சர்க்கரை எப்படி இருக்கிறது, உன் வீட்டுக்காரி கோமதிக்கு முட்டி வலி குறைந்ததா, பையன் யுகேந்திரன் வேளைக்குச் சாப்பிடுகிறானா என்று எழுது.

வழக்கம்போல வாணிதான் எழுதுகிறது. கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயில் ஏறி இங்கே பூக்கடை வேலைக்கு வரும் பிள்ளை, திரும்பும்போது உன் வீட்டில் கொடுத்துவிட்டுப் போகும். போன தடவை, "ஏன் அங்கிள், ஒரு போன் போட்டா முடிஞ்சது லா, எதுக்குக் கடுதாசி?" என்று கேட்டது. நான் சொன்னேன்: "எங்கம்மா கருமாதி அன்னிக்கு என் தம்பி எல்லார் முன்னாலயும் 'இனி உன்கூடப் பேச்சே கிடையாது'ன்னான். நானும் 'சரி, கிடையாது'ன்னேன். பேசமாட்டோம்னுதானே சொன்னோம், எழுதமாட்டோம்னு சொல்லலையே." அது சிரித்தது. முதல் கடிதம் போட்டு அந்த வழியைக் கண்டுபிடித்தவன் நீதான்.

இப்போது விஷயம். கடைக்கு வருகிற பிள்ளைகள் ஒரு சங்கதி பேசுகிறார்கள். அடுத்து வரப்போகிற கேம் பெட்டி பழைய மாதிரி இல்லையாம். டிவியில் மாட்டுகிற அதே பெட்டிதான். ஆனால் கம்ப்யூட்டருக்கு கேம் விற்கிற மற்றக் கம்பெனிகளின் கடையெல்லாம் அதற்குள்ளேயே திறக்குமாம். டிஸ்க் போடுகிற வாயே இருக்காதாம். அப்படியானால் நான் விற்று, மாற்றிக் கொடுக்கிற டிஸ்க்கை எவன் கேட்பான்? அது கிடக்கட்டும். தன் பெட்டிக்குள் போட்டிக்காரன் கடையை எவனாவது கூப்பிட்டு வைப்பானா? கம்ப்யூட்டர் உன் பக்கம், அதனால் உன்னைக் கேட்கிறேன்.

கேட்க இன்னொரு காரணமும் உண்டு. கிள்ளான் கோயிலில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்து நாம் தொழிலைப் பாகம் பிரித்தது எனக்கு நேற்று மாதிரி. வெளியே மழை. உன் நீலச் சட்டையில் குங்குமம் சிந்தியிருந்தது. நீதான் முதலில் சொன்னாய்: "டிவியில ஓடுறது அண்ணனுக்கு, கம்ப்யூட்டர்ல ஓடுறது எனக்கு. ஒருத்தர் பாகத்துல ஒருத்தர் கை வைக்கிறதில்ல." அப்புறம் நானும் அதையே சொன்னேன். இந்தப் பெட்டி ஓடுவது டிவியில். உள்ளே இருப்பது கம்ப்யூட்டர் கடை. அப்படி ஒன்று வந்தால் அது யார் பாகம்?

இப்படிக்கு, உன் அண்ணன்
பெரியகருப்பன்
(பெருவிரல் ரேகை)


கிள்ளான்
15 மார்ச் 2026

மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்குத் தம்பி கமலநாதனின் வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. இங்கே அனைவரும் நலம். கோமதிக்கு முட்டியில் அறுவை செய்யவேண்டும் என்கிறார் டாக்டர். அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

யுகேந்திரன் சுபாங் ஜெயாவில் கேம் விநியோகக் கம்பெனியில்தானே இருக்கிறான், அவனிடம் விசாரித்தேன். அப்படியொரு பேச்சு இருக்கிறதாம். ஆனால் நடக்காது என்கிறான். சொந்த வீட்டு வாசலை எதிரிக்குத் திறந்துவிடும் முதலாளி எங்கே இருக்கிறார்? நீங்கள் வீணாகக் கவலைப்படவேண்டாம். யார் பாகம் என்ற கேள்வியை, வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

இங்கே என் கம்ப்யூட்டர் கடையும் முன்போல் இல்லை. பிள்ளைகள் வீட்டிலேயே விளையாடுகிறார்கள். நாற்காலிகள் காலியாகக் கிடக்கின்றன.

அன்புத் தம்பி
கமலநாதன்


பிரிக்ஃபீல்ட்ஸ்
20 ஏப்ரல் 2026

தம்பி கமலநாதனுக்கு அண்ணன் சொல்வது. சுகம், சுகமறிய ஆவல். கோமதிக்குக் கத்தி வைக்கும் நாள் முடிவானால் சொல்லு, நல்லம்மாள் வந்து கூட இருப்பாள். பேச்சு நமக்குத்தான் இல்லை, பொம்பளைகளுக்கு இருக்கிறது.

நடக்காது என்று யுகேந்திரன் சொன்னது நடக்கப்போகிறது. போன வாரம் அந்தப் பெட்டிக் கம்பெனியின் ஏஜண்ட் ஒரு பெண் வந்தது. அனுப்பிரியா என்று பேர், சென்னையிலிருந்து வேலைக்கு வந்த பிள்ளை. "அங்கிள், இந்த வட்டாரத்துல கேம்னா உங்க பேரைத்தான் எல்லாரும் சொல்றாங்க. புதுப் பெட்டிக்கு இங்க ஒரு கடை வேணும். ஜனங்க வந்து ஆடிப் பார்த்து வாங்கிட்டுப் போகணும். நீங்க எடுத்துக்கிறீங்களா?"

நான் கேட்டேன், "போட்டிக்காரன் கடையை உள்ள விட்டா உன் முதலாளிக்கு என்னம்மா மிச்சம்?"

"நீங்க காலையில எங்க பசியாறுவீங்க அங்கிள்?"

"ஆ லியோங் கோப்பிக் கடையில."

"அங்க ரொட்டி சானாய் போடுறது?"

"அது ஒரு பாய்."

"மீ நூடுல்ஸ்?"

"அது ஒரு சீனக் கிழவி, தனி அடுப்பு."

"அப்ப ஆ லியோங் என்ன விக்கிறாரு?"

"தண்ணி. தே, கோப்பி."

"அவ்வளவுதான் அங்கிள். இடம் எங்களோடது. உள்ள யார் வேணா கடை போடட்டும். ஆளுங்க வந்து உட்கார்ந்தா போதும்."

கெட்டிக்காரப் பிள்ளை. எனக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. டிஸ்க் கடைக்கு ஆயுசு முடிகிறது, இதை எடுத்தால் நான் தொழிலில் இருப்பேன், எடுக்காவிட்டால் இல்லை. இருந்தாலும் சொன்னேன்: "உள்ள இருக்கிறது கம்ப்யூட்டர் கடைம்மா. அது என் தம்பி பாகம். கற்பூரம் அணைச்சிருக்கோம்." அது முழித்தது. உள்ளேயிருந்து உன் அண்ணி, "அவரு கெடக்காரு, நீ அந்த ஃபாரத்தை எங்கிட்ட குடும்மா" என்று வந்துவிட்டாள். நான் விடவில்லை. தம்பி யார், எங்கே இருக்கிறார் என்று அந்தப் பெண் கேட்டது. கிள்ளானில் கமலநாதன் என்று சொல்லியிருக்கிறேன். மாதக் கடைசி வரைக்கும் எனக்காகப் பொறுப்பதாகச் சொல்லிப் போனது.

நீ ஒரு வார்த்தை எழுது. "செய்யுங்க அண்ணே" என்றால் செய்வேன். "இல்லை, என் பாகம்" என்றால் கிள்ளானில் நீ எடுத்துச் செய், எனக்கு மனக்குறை இல்லை. எதுவானாலும் மாதக் கடைசிக்குள் எழுது.

இப்படிக்கு, உன் அண்ணன்
பெரியகருப்பன்
(பெருவிரல் ரேகை)


பிரிக்ஃபீல்ட்ஸ்
8 மே 2026

தம்பிக்கு அண்ணன் சொல்வது. நாங்கள் சுகம். உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. வாணியைக் கேட்டேன், உன் கையிலேயே கொடுத்ததாகவும், நீ நின்றுகொண்டே படித்ததாகவும் சொல்லுது. மாதம் முடிந்துவிட்டது. அந்தப் பெண் போன் பண்ணி, "என்ன அங்கிள் முடிவு?" என்றது. "என் தம்பி வார்த்தை வரட்டும்" என்றேன். உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

உன் அண்ணன்
பெரியகருப்பன்
(பெருவிரல் ரேகை)


கிள்ளான்
6 ஜூன் 2026

மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு வணக்கம். பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னிக்கவும். கோமதியின் அறுவை, ஆஸ்பத்திரி, வீடு என்று அலைச்சல். இப்போது கம்பு ஊன்றி நடக்கிறாள். அண்ணிக்குச் சிரமம் தரவேண்டாம் என்றுதான் முன்கூட்டிச் சொல்லவில்லை.

நீங்கள் எழுதியிருந்த விஷயத்தை நிதானமாக யோசித்தேன். நீங்கள் மறுத்ததே சரி. கொடுத்த வாக்கு வாக்குதான். அப்பா இருந்திருந்தால் உங்களை நினைத்துப் பெருமைப்பட்டிருப்பார்.

உங்கள் எதிரில் தையல்கடை இருந்ததே, அது இன்னும் பூட்டியேதான் கிடக்கிறதா? சும்மா கேட்டேன்.

அன்புத் தம்பி
கமலநாதன்


பிரிக்ஃபீல்ட்ஸ்
17 ஜூன் 2026

தம்பி கமலநாதனுக்கு அண்ணன் சொல்வது. கோமதி நடக்கிறாள் என்றதில் சந்தோஷம். அவள் பேருக்கு உன் அண்ணி ஒரு அர்ச்சனை வைத்தாள். வைத்துவிட்டு, சொல்லாமல் செய்துகொண்டீர்களே என்று ரெண்டு நாள் முணுமுணுத்தாள்.

அப்பா பெருமைப்பட்டிருப்பார் என்று நீ எழுதிய இடத்தை வாணியை ரெண்டாம் தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன். காப்பாரில் இருந்த நம் கடையில் அப்பா என்னைத் தராசு பிடிக்க நிறுத்திவிட்டு உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியபோது, "இவன் வாக்கு சுத்தம், கடைக்கு அதுதான் வேணும்" என்று சித்தப்பாவிடம் சொன்னார். நீ அப்போது வாசலில் செருப்புத் தேடிக்கொண்டிருந்தாய். உனக்குக் காதில் விழுந்திருக்காது.

அந்தப் பெண் அப்புறம் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

தையல்கடை பூட்டித்தான் கிடக்கிறது. சொந்தக்காரர் பூச்சோங்கில் இருக்கிறார், சாவி என்னிடம் தந்திருக்கிறார். உனக்குத் தெரிந்தவர் யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லு, நல்ல ஆளாக இருந்தால் நானே பேசி முடித்துவிடுகிறேன். எதிரில் மனுஷர் நடமாட்டம் இருந்தால் எனக்கும் துணை.

உன் அண்ணன்
பெரியகருப்பன்
(பெருவிரல் ரேகை)


கிள்ளான்
2 ஜூலை 2026

மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு வணக்கம். அனைவரும் நலம். கடைக்காக என் நண்பர் ஒருவர் ஆளை அனுப்புவார். சாவியைக் கொடுத்து உதவுங்கள். சொந்தக்காரரிடமும் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லிவையுங்கள். வேறு விசேஷம் இல்லை.

அன்புத் தம்பி
கமலநாதன்


பிரிக்ஃபீல்ட்ஸ்
14 செப்டம்பர் 2026

தம்பி கமலநாதனுக்கு அண்ணன் சொல்வது. நாங்கள் சுகம். உன்னிடமிருந்து ரெண்டு மாதமாகக் கடிதம் இல்லை. வாணியைக் கேட்டால், "நல்லா இருக்காங்க அங்கிள்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறது.

உன் நண்பர் கடை வேலை மும்முரமாக நடக்கிறது. கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம் எல்லாம். நேற்றுப் பலகை மாட்டினார்கள். சிவப்பு எழுத்து, மஞ்சள் விளிம்பு, இந்தத் தெருவிலேயே அவ்வளவு பெரிய பலகை கிடையாது. இடது பக்கம் தாழ்ந்திருந்தது. ஏணியில் நின்ற ஆளுக்குத் தெரியவில்லை. நான் ரோட்டில் இறங்கி நின்று, "தூக்கு, இன்னும் தூக்கு, போதும், அங்கயே அடி" என்று சொல்லி நிமிர்த்திவிட்டேன். இப்போது பார்க்க லட்சணமாக இருக்கிறது.

உன் அண்ணிக்கும் என்னைப் போல எழுத்துத் தெரியாது, அதனால் என்ன எழுதியிருக்கிறது என்று வாணியைக் கேட்டேன். "போன் கடை அங்கிள்" என்றது, தலையைத் தூக்காமல். அதையும் எழுது என்றேன்.

ஒரு வேடிக்கை. தெருவில் எல்லாருக்கும் திடீரென்று என்மேல் பாசம். சாப்பாட்டுக் கடை ஷாஹுல் ஹமீது, "அண்ணே, எதிர்ல ஜம்முன்னு வருது, பிரியாணி எப்ப?" என்கிறான். நகைக்கடைக்காரர் கையைப் பிடித்துக் குலுக்குகிறார். போன் கடை வந்தால் எனக்கு எதற்கு வாழ்த்து என்று தெரியவில்லை. நான் பாட்டுக்குச் சிரித்து வைக்கிறேன்.

என் கடையில் ஆள் குறைந்துவிட்டது. புதுப் பெட்டி தீபாவளிக்கு முன்னால் வருகிறதாம், எல்லாரும் அதற்காகக் காத்திருக்கிறார்கள். கிள்ளானில் நீ எடுத்திருக்கிறாயா? எடுத்திருந்தால் ஒரு வார்த்தை எழுது. இங்கே கேட்டு வருகிறவர்களை அங்கேயாவது அனுப்புகிறேன்.

உன் அண்ணன்
பெரியகருப்பன்
(பெருவிரல் ரேகை)


கிள்ளான்
1 அக்டோபர் 2026

மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு வணக்கம். எல்லாரும் நலம். விஜயதசமி கழிந்ததும் உங்கள் மனம் குளிரும்படி ஒரு செய்தி எழுதுகிறேன். அதுவரை என்மேல் வருத்தம் வேண்டாம்.

தம்பி
கமலநாதன்


கிள்ளான்
23 அக்டோபர் 2026

அண்ணே,

எதிர்க்கடைத் திறப்பு விழாவில் நீங்கள் ஒரு வார்த்தையும் சொல்லாமல் இறங்கிப் போய்விட்டீர்கள். அன்று தொட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை. எழுதித்தான் ஆகவேண்டும்.

கடைக்கு உங்கள் பெயரை வைத்தேன். என் பெயரை வைக்கவில்லை, பையன் பெயரை வைக்கவில்லை. அதில் என்ன குற்றம் கண்டீர்கள்? பிரிக்ஃபீல்ட்ஸில் பெரியகருப்பன் பெயர் இருந்தால்தான் கடை தருவோம் என்றது கம்பெனி. உங்களிடம் முன்னால் சொல்லியிருந்தால் பாகம், கற்பூரம் என்று நிறுத்தியிருப்பீர்கள். மார்ச் கடைசியில் யுகேந்திரனின் வேலை போய்விட்டது. கிள்ளான் கடையை ஜூலையிலேயே மூடிவிட்டேன். வெட்கத்தில் எழுதவில்லை. நான் வேறு என்ன செய்வேன்?

உள்ளே உங்களுக்கென்று ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன். நீங்கள் வந்து உட்கார்ந்தால் போதும். வாணியைத் திட்டாதீர்கள். அண்ணனுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும், சொல்லாதே என்று சொன்னவன் நான்தான்.

கமலநாதன்


பிரிக்ஃபீல்ட்ஸ்
4 நவம்பர் 2026

தம்பி கமலநாதனுக்கு.

உன் அண்ணி சுகம். கோமதி கம்பில்லாமல் நடந்ததைத் திறப்பு விழாவில் பார்த்தேன், சந்தோஷம். யுகேந்திரன் இளைத்திருக்கிறான், கவனி.

கையெழுத்து மாறியிருப்பதைப் பார்த்திருப்பாய். எழுதுவது ஷாஹுல் ஹமீது. வாணி வந்து நின்று அழுதது. தண்ணீர் கொடுத்து, "போய்ட்டு வாம்மா" என்று அனுப்பினேன். திட்டவில்லை. இனி அது எனக்கு எழுதவேண்டாம்.

நான் ஏன் பேசாமல் போனேன் என்று கேட்டிருக்கிறாய். கேட்டுக்கொள்.

பக்கத்துக் கடை திறந்தால் தட்டு வைப்பது இந்தத் தெரு வழக்கம். தேங்காய், பழம், வெற்றிலை, பூ. உன் அண்ணி அடுக்கிக் கொடுத்தாள். புதுச் சட்டை போட்டுக்கொண்டு ரோட்டைக் கடந்தேன். உள்ளே நுழைந்ததும் சுவரில் மாலை போட்ட படம். நம் அப்பா. காப்பாரில் எடுத்தது, காதுக்குப் பின்னால் பென்சில் இருக்குமே, அதே படம். உன் நண்பர் கடையில் என் அப்பாவுக்கு என்ன வேலை என்று தட்டோடு நின்றேன்.

அந்தப் பெண் அனுப்பிரியா ஓடி வந்து கையைப் பிடித்தது. "வாங்க அங்கிள், கன்கிராட்ஸ். நீங்க சொன்ன மாதிரியே உங்க தம்பிகிட்டப் போனேன். 'அண்ணன் சம்மதிச்சிட்டாரு, கடை அவர் பேருலதான்'னு அன்னிக்கே சொல்லிட்டாரே."

"என் பேரிலா?"

யுகேந்திரன் தலையைக் குனிந்துகொண்டான். "வாங்க பெரியப்பா. வெளிய பலகையில உங்க பேருதான்."

அப்போதுதான் சுற்றிலும் பார்த்தேன். சுவர் முழுக்க டிவி. எல்லா டிவியிலும் பெட்டி, எல்லாப் பெட்டியிலும் கேம். கம்ப்யூட்டர் ஒன்றுகூட இல்லை. கற்பூரத்தில் நீ சொன்ன வார்த்தைப்படி பார்த்தால் அங்கே இருப்பது அத்தனையும் என் பாகம். உன் பாகம் என்று நினைத்து நான் தொடாமல் விட்டேன். சரி செய்தீர்கள் அண்ணே என்று எழுதினாய். எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே தையல்கடை பூட்டியிருக்கிறதா என்று கேட்டாய்.

பின்னால் திரை விலகியது. நீ வந்தாய். "அண்ணே" என்றாய். அம்மா கருமாதிக்குப் பிறகு உன் குரலை அன்றைக்குத்தான் கேட்கிறேன். அப்பா குரல் மாதிரி ஆகியிருக்கிறது. வாய் வரைக்கும் பதில் வந்தது. பேச்சு கிடையாது என்று நான் சொன்னது சொன்னதுதான் என்று தட்டை மேசையில் வைத்துவிட்டு இறங்கினேன்.

வெளியே வந்து ஷாஹுலைக் கூப்பிட்டேன். "தம்பி, அதை வாசி." அவன், "என்ன அண்ணே, உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்" என்றான். "தெரியாது. ஒவ்வொரு எழுத்தா விரலை வச்சுக் காட்டு." காட்டினான். என் பேர் நீளம் போலிருக்கிறது, பலகையில் பாதிக்கு மேல் நான்தான் இருக்கிறேன். அடையாள அட்டை ஐசியில் எறும்பு மாதிரி இருக்கும், அதுவும் இங்கிலீஷில். இவ்வளவு பெரிசாக நான் பார்த்ததே இல்லை. ரோட்டில் நின்று நிமிர்த்திவிட்டவனுக்கு அது தெரியவில்லை. தெருவே படித்தது. நான் அதன் கீழே நின்று உன் நண்பர் கடை நன்றாக நடக்கவேண்டும் என்று கும்பிட்டிருக்கிறேன்.

யுகேந்திரனுக்கு வேலை போனதை ஒரு வரி எழுதியிருந்தால் சாவியை நானே உன் கையில் கொடுத்திருப்பேன். கொடுத்தேன்தான், யாருக்கென்று தெரியாமல்.

நேற்று ஒரு பையனின் அப்பா வந்தார். "அங்கிள், உங்க புதுக் கடையில வாங்கின பெட்டி ஆன் ஆக மாட்டேங்குது, நீங்கதான் ஒரு வழி சொல்லணும்" என்று என் முன்னால் வைத்தார். எதிரில் போங்கள் என்றேன். "அதுவும் உங்களோடதுதானே" என்றார். அவரையும் பெட்டியையும் கூட்டிக்கொண்டு வந்து உன் வாசல் வரைக்கும் விட்டுவிட்டுத் திரும்பினேன். இனி வாழ்நாளெல்லாம் இதுதான் என் வேலை போலிருக்கிறது.

காலையில் ஆ லியோங் கடையில் உட்கார்ந்து யோசித்தேன். அந்த மீ கிழவி அவர் இடத்தில்தான் அடுப்பு வைத்திருக்கிறாள், ஆனால் அவள் தலைக்கு மேல் ஆ லியோங் என்று எழுதி வைக்கவில்லை. அந்தப் பெட்டிக்குள் வந்த போட்டிக்காரனெல்லாம்கூட அவனவன் பேரோடுதான் வந்திருக்கிறான். கூடப் பிறந்தவன் நீ.

டிவியைப் பிரித்தோம், கம்ப்யூட்டரைப் பிரித்தோம். பேரைப் பிரிக்க நமக்குத் தோன்றவில்லை. நீ எடுத்துக்கொண்டாய், வைத்துக்கொள். நாற்காலியை எடுத்துவிடு, இடம் அடைக்கும். தீபாவளி கழித்து என் கடையைப் பூட்டுகிறேன். பேச்சு முன்பே இல்லை. எழுத்தும் இதோடு இல்லை.

ஷாஹுல் கீழே என்ன பேர் போட என்று கேட்கிறான். ஒன்றும் போடாதே, விரல் மையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு, உன் அண்ணன். பேர் உன் கடை வாசலில் பெரிசாக எழுதியிருக்கிறது. உனக்குத்தான் படிக்கத் தெரியுமே, வெளியே வந்து படித்துக்கொள்.